மேலாண்மைக் கோட்பாடுகளை மைதானத்தில் வைத்துப் படிப்பது

மேலாண்மைப் பாடத்தில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் எம்பிஏ படிக்கிறவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது, முடிவெடுத்தல், நிறுவன நடத்தை ஆகிய பகுதிகளில் அடுக்கடுக்காக வரும் கோட்பாடுகளைக் குழப்பமில்லாமல் நினைவில் நிறுத்துவது எப்படி என்பதைத்தான். வணிக மேலாண்மைப் பேராசிரியர்கள் பலர் விளையாட்டையும் மலையேற்றத்தையும் வைத்தே தங்கள் கருத்துகளை விளக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகுதான் இந்தப் பகுதி எனக்கு வசப்பட்டது. வியாசர்பாடியில் கால்பந்துக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது இயல்பான வழியாகவும் இருந்தது.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பார்எலி, ஓஃபர் அசார் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குங்கள். முன்னணிப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 பெனால்ட்டி கிக்குகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஏறத்தாழ 29 சதவீதம் நடுவில் வந்தன; ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் நின்றது 6.3 சதவீதம் மட்டுமே. இடப்புறம் பாய்ந்தபோது 14.2 சதவீதப் பந்துகளையும் வலப்புறம் பாய்ந்தபோது 12.6 சதவீதப் பந்துகளையும் தடுத்த அவர்கள், அசையாமல் நின்றபோது மூன்றில் ஒன்றைத் தடுத்திருந்தார்கள். நிற்பதுதான் லாபம் என்றால் ஏன் பாய்கிறார்கள்? எங்கள் பகுதி அணிக்குக் கீப்பராக நிற்கும் தம்பி ஒருவனிடம் இதைக் கேட்டேன். கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டே சொன்னான்: “குதிச்சு கோல் வாங்குனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணா. நின்னுக்கினு வாங்குனா, காசு வாங்கிட்டியான்னு கேப்பாங்க.” ஆய்வாளர்கள் தரும் விளக்கமும் ஏறக்குறைய இதுவே. பாய்வதே வழக்கம் என்று ஆகிவிட்ட இடத்தில், சும்மா நின்று தோற்பது கூடுதல் வருத்தத்தைத் தருகிறது. பங்குச்சந்தை சரியும்போது எதையாவது விற்றாக வேண்டும் என்று துடிக்கும் மேலாளரிடமும், சும்மா இருப்பதைவிட எதையாவது செய்துவிடத் தூண்டும் இந்தச் செயல்சார்புதான் வேலை செய்கிறது என்று அடுத்த வரியில் எழுதினால், உங்கள் விடை விளையாட்டுச் செய்தியாக நின்றுவிடாமல் மேலாண்மை விடையாகும்.

கோல்ஃப் நம் பக்கத்து ஆட்டமில்லை என்றாலும் இழப்பு வெறுப்புக்கு, அதாவது கிடைக்கும் ஆதாயத்தைவிட அதே அளவு இழப்பு அதிகம் உறுத்துவதற்கு, அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்களின் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பட் அடிகளை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிகளை, அலசினார்கள். ஒரு குழிக்கு விதிக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை ‘பார்’ எனப்படும். அதைவிட ஓர் அடி குறைவாக முடிக்க முயலும்போது இருக்கும் துல்லியத்தைவிட, பாரைத் தவறவிடாமல் இருக்க அடிக்கும்போது இருக்கும் துல்லியம் சுமார் 2 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாட்டை (prospect theory; இழப்பு வெறுப்பு இதன் ஒரு பகுதி) படித்த கையோடு இதையும் படித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்பியது எவரெஸ்ட் பாடத்தை. 1996 மே 10 அன்று ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் இருவரின் குழுக்களும் உச்சிக்குச் சென்று திரும்புகையில் புயலில் சிக்கின. தலைவர்கள் இருவரையும் சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். பகல் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடாதவர் திரும்பிவிட வேண்டும் என்ற விதி பேசப்பட்டிருந்தும் கடைப்பிடிக்கப்படவில்லை. முந்தைய ஆண்டு உச்சியை நெருங்கித் திரும்பியிருந்த டக் ஹான்சன், இம்முறை நான்கு மணிக்குப் பிறகே உச்சியை அடைந்தார். மைக்கேல் ராபர்ட்டோ 2002இல் எழுதிய கட்டுரை இந்த விபத்தை ஒருவர் தலையில் சுமத்தாமல், ஒன்றையொன்று வலுப்படுத்திய மூன்று காரணங்களாகப் பிரிக்கிறது. போட்ட பணத்தையும் உழைப்பையும் விட மனமில்லாத சார்பு ஒன்று. தலைவரை எதிர்த்துப் பேசும் துணிவு குழுவில் இல்லாதது மற்றொன்று. சிறு தாமதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் சிக்கலான அமைப்பு மூன்றாவது. இரண்டாவதைப் படிக்கும்போது, உளவியல் பாதுகாப்பு, அதாவது மனத்தில் பட்டதைக் குழுவில் அச்சமின்றிச் சொல்லலாம் என்ற நம்பிக்கை, குறித்து ஏமி எட்மண்ட்சன் 1999இல் எழுதியதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நிறுவன நடத்தை எடுத்த ஆசிரியர் நாகலாபுரம் மலைக்கு நண்பர்களோடு நடைப்பயணம் போகிறவர். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, அதை நினைவூட்டும் பொறுப்பைக் குழுவிலேயே வயதில் சிறியவரிடம் கொடுப்பார் என்றும், அவர் சொன்னால் மறுபேச்சில்லை என்றும் வகுப்பில் விளக்கினார். விதியை எழுதுவதற்கும் அதைச் சொல்லக்கூடிய வாயைக் குழுவில் உருவாக்குவதற்கும் உள்ள தொலைவு அன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

விளையாட்டுக் கதை மனத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதாலேயே அதைச் சரிபார்க்கவும் வேண்டும். கூடைப்பந்தில் தொடர்ந்து கூடையில் போடுகிறவருக்கு அடுத்ததும் விழும் என்பது பிரமை என்று கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி ஆகியோர் 1985இல் எழுதியது பல பாடநூல்களில் முடிந்த முடிவாக இருக்கிறது. அந்தக் கணக்கீட்டிலேயே ஒரு புள்ளியியல் சாய்வு ஒளிந்திருப்பதை மில்லரும் சன்ஹூர்ஹோவும் 2018இல் காட்டினார்கள். அதைத் திருத்தினால் அதே தரவில் தொடர் வெற்றியின் தடம் தெரிகிறது. முதல் ஆய்வை மட்டும் எழுதுகிற விடை பாதி விடைதான் என்று நான் கருதுகிறேன்.

நெட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கூற்று-காரணம் வகை வினாக்களில் கூற்றும் சரியாக, காரணமும் சரியாக இருந்தும், அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்காமல் போவது உண்டு. கீப்பர் பாய்வதற்கு இழப்பு வெறுப்பைக் காரணமாகத் தந்தால் அதை ஏற்கலாமா என்று சிந்திக்க, ஆய்வின் பெயர் மட்டும் தெரிந்திருப்பது போதாது. எனவே ஒவ்வொரு ஆய்வுக்கும் கேள்வி, தரவு, முடிவு, ஆய்வாளர் தரும் காரணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிவிட்டு, வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும் என்பதால் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் அதை மேலாண்மை படிக்காத, ஆனால் ஆட்டம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் இடைமறித்துக் கேட்கும் கேள்விக்கு உங்கள் பக்கத்தில் பதில் இல்லையென்றால் அந்த ஆய்வை மறுபடியும் எடுத்துப் படியுங்கள்.