செம்பனை நிரைகளில் எலி தேடிய நாள்கள்

முதுகலை ஆய்வுக்காக எலி பிடிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "நம்ம தோட்டத்துலயா?" ஆமாம், நம் தோட்டத்தில்தான். மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம், லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தாத்தா காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது முழுக்க எண்ணெய் தரும் செம்பனை.

நான் தேடியது ஹந்தா வைரஸை. கொரியாவில் 1976இல் ஹோ வாங் லீ ஒரு வயல் எலியின் நுரையீரலில் இதைக் கண்டார். ஹந்தான் ஆற்றின் பெயரே வைரஸுக்கும் வந்தது. சுமக்கும் எலிக்கு நோய் வராது. ஆனால் அதன் சிறுநீரிலும் புழுக்கையிலும் எச்சிலிலும் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். காய்ந்த புழுக்கை தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போனால் மனிதருக்குத் தொற்றும். ஆசிய வகைகள் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. இங்கே எல்லாரும் பயப்படும் 'கென்சிங் திக்குஸ்' என்கிற எலிக்காய்ச்சல் வேறு. அது பாக்டீரியாவால் வருவது. இரண்டும் பரவ எலி ஒரு முக்கிய வழி.

அனுமதி வாங்கவே மாதங்கள் ஓடிவிட்டன. எலியை எப்படி மயக்குவீர்கள், பொறியில் எத்தனை மணி நேரம் இருக்கும், பால் கொடுக்கும் தாய் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அலுத்துக்கொண்டேன். களத்துக்குப் போன பிறகுதான் ஒவ்வொரு கேள்வியின் அருமையும் தெரிந்தது. அப்புறம் வனவிலங்கு இலாகா, தோட்ட ஆபீஸ். நிர்வாகி ஒரே நிபந்தனை போட்டார்: பொறி வைப்பதற்கு முன்னால் லயத்து ஆட்களிடம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களிடம், பேசிவிட வேண்டும்.

மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூடினோம். கடைசி லயத்துப் பாட்டி எழுந்தார். "தொண்ணூத்தொம்பதுலயும் இப்படித்தான் வந்தாங்க. அப்புறம் அந்தப் பக்கம் ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. இப்ப எலிய பிடிச்சுட்டு எங்கள எங்கம்மா அனுப்பப் போற?"

பாட்டி சொன்னது புக்கிட் பெலாண்டோக்கை. அது எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. நிப்பா வைரஸுக்குப் பெயர் கொடுத்த சுங்கை நிப்பா கிராமம் அங்கேதான் இருக்கிறது. 1998, 1999இல் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள். தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். உண்மையில் அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்தது. எலிக்கு அதில் பங்கில்லை என்று பாட்டியிடம் சொன்னேன். "அப்ப ஆளுங்க விழுந்த பிறகு தேடினாங்க பாட்டி. நான் யாரும் விழறதுக்கு முன்னாலயே பாக்கணும்னு வந்திருக்கேன்."

"சரி. என்ன கண்டுபிடிச்சாலும் மொதல்ல எங்ககிட்ட வந்து சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் இரவு கம்பிக் கூண்டுகளில் செம்பனைப் பழம் வைத்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. நிரை முழுக்க உதிரிப் பழம் கிடக்கும்போது எலி ஏன் கூண்டுக்குள் போக வேண்டும்? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன்தான் சுட்ட கருவாடு வைக்கச் சொன்னார். வெட்டிப்போட்ட மட்டை அடுக்குகளின் ஓரத்தில், எலி ஓடும் தடம் பார்த்து வைத்தோம். மறுநாள் விடிந்ததும் ஓடினோம். வெயில் ஏறினால் கூண்டுக்குள் எலி தாங்காது, எறும்பும் மொய்த்துவிடும். வயிறு வெள்ளையாக இருந்தவை பெரும்பாலும் செம்பனையை உண்டு வாழும் மர எலிகள். வெள்ளி நிறம் கலந்த சாம்பல் வயிறு என்றால் வயல் எலி. சந்தேகம் வந்தால் மரபணுதான் சொல்லும்.

கூடாரத்தில் என்95 முகக்கவசம், இரட்டைக் கையுறை, கண்ணாடி, மேலங்கி. அந்தப் புழுக்கத்தில் கண்ணாடி மூடிக்கொள்ளும், ஆனாலும் கழற்றக் கூடாது. மயக்கம் கொடுத்து, எடை, உடல், வால், பின்பாதம், காது எல்லாம் அளந்து, ரத்தமும் நுரையீரல், சிறுநீரகத் துண்டுகளும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போட்டோம். பால் சுரந்துகொண்டிருந்த ஒரு தாயை எடை மட்டும் பார்த்துவிட்டுப் பிடித்த மட்டை அடுக்கிலேயே விட்டோம். அது உள்ளே ஓடி மறையும் வரை நின்று பார்த்தேன்.

இரண்டாம் நாள் பெரிய தவறு செய்தேன். குழாய்களை ஸ்பிரிட்டால் துடைத்தபோது பேனா எழுத்து அழிந்து, மூன்று எலிகளின் மாதிரிகள் யாருடையவை என்றே தெரியாமல் போயின. அவற்றின் உயிரை எடுத்துவிட்டு வீணாக்கினோமே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பென்சிலில் எழுதிய சீட்டும் போடுங்கள், நோட்டிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் பிசிஆர் என்கிற மரபணுச் சோதனை செய்த முதல் தொகுதியில் ஹந்தா இல்லை. அதைச் சொல்ல மறுபடி கோயில் கொட்டகைக்குப் போனேன். "அப்ப நம்ம எலி சுத்தமா?" என்று கேட்டார்கள். பிடித்தது கொஞ்சம், பார்த்தது ஒரு பருவம், அதனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்று விளக்கினேன். காய்ந்த புழுக்கையைப் பெருக்காதீர்கள், குளோராக்ஸ் என்கிற ப்ளீச் கலந்த தண்ணீர் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, கையுறையோடு துடையுங்கள் என்று செய்தும் காட்டினேன்.

கடைசியில் பாட்டி என் கையைப் பிடித்து அவர் வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். விறகு அடுக்குக்கு அடியில் புதிய வளை ஒன்று. "அடுத்த தடவை இங்க ரெண்டு கூண்டு வை பாப்பா. கருவாடு நான் சுட்டுத் தரேன்."

நோட்டில் அவர் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டேன், பென்சிலால்.