முட்டுச்சந்து வரையும் வேலை

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வழி தேடும் புதிர்களை வரைந்து தம்பி பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அவர்களின் பென்சில் எந்தத் திருப்பத்தில் தயங்கி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது சில ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஏழு சுற்றுக் கோட்டை என்ற சுழல்பாதைப் படத்தை நான் இதில் சேர்ப்பதில்லை. அதில் ஒரே பாதைதான் சுழன்று சுழன்று நடுவுக்குப் போகிறது என்பதால், வழி தவறுவதற்கு இடமே இல்லை.

தொடக்கத்தில் சரியான பாதையை முதலில் வரைந்துகொண்டு, முட்டுச்சந்துகளைப் பிறகு ஒட்டவைத்தேன். அவையெல்லாம் இரண்டு மூன்று கட்டங்களிலேயே முடிந்துவிட்டதால் பார்த்த கண்ணுக்கே பொய் தெரிந்துவிட்டது. போதாததற்கு, பிள்ளைகள் முடிவிலிருந்து பின்னோக்கி வரத் தொடங்கினார்கள். நான் வைத்த கிளைகளோ தொடக்கத்திலிருந்து வருபவரை மட்டுமே குழப்புபவை.

பிறகுதான் பாதையை விட்டுவிட்டுச் சுவரை வரையக் கற்றேன். பக்கத்துக்கு 20 கட்டம் என்றால், உள்ளே கோடுகள் வெட்டும் புள்ளிகள் 19க்கு 19, அதாவது 361. புள்ளிக்கு ஒன்றாக 361 சிறு சுவர்களை, எங்கும் வளையம் விழாமல், ஒவ்வொன்றும் எப்படியாவது வெளிச்சுவரோடு தொடர்புகொள்ளும்படி இழுத்துவிட்டால், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கும் ஒரே ஒரு வழிதான் இருக்கும். சிக்குக் கோலத்தில் இழை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும்; இங்கே அப்படி வந்து சேர்ந்தால் அதுவே பிழை. மூலைக்கு மூலை குறைந்தது 39 கட்டங்கள் தாண்ட வேண்டிய இந்தச் சதுரத்தில், சரியான பாதை நூறு கட்டங்களையாவது கடக்க வேண்டும் என்பதும், இடையில் ஒருமுறை வாசலை நோக்கியே திரும்ப வேண்டும் என்பதும் நானாக வைத்துக்கொண்ட விதிகள். முடிவை நோக்கி நேராகப் போவதுபோல் தோன்றும் பாதையை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. நல்ல முட்டுச்சந்துக்கு அந்த இடம்தான் பொருத்தம்.

வலக்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் வெளியே வந்துவிடலாம் என்ற உபாயத்தைச் சில பெரியவர்கள் அறிந்திருக்கிறார்கள். சேர வேண்டிய இடத்தை நடுவில் வைத்து, அதைச் சூழ்ந்த சுவரை வெளிச்சுவரோடு ஒட்டாத தீவாக விட்டால், அவர்கள் சுற்றிச் சுற்றி வாசலுக்கே வந்து நிற்பார்கள். ஆனால் ஒரே விடை என்ற ஒழுங்கு அத்துடன் கெட்டுவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஒருமுறை தவறுதலாக ஒரு சுவரை அதிகமாக இழுத்துவிட்டேன். தம்பி மகள் அரைமணி நேரம் போராடிவிட்டு, “பெரியப்பா, இதுக்கு வழியே இல்லையா?” என்று கேட்டாள். உண்மையில் இல்லை. அன்றிலிருந்து யாரிடமும் கொடுப்பதற்கு முன் ஒரு நகலில் சரிபார்த்துவிடுகிறேன். உள்ளே வரும் வாசலும் வெளியேறும் வாசலும் வெளிச்சுவரை இரண்டு துண்டாக்குகின்றன. ஒரு துண்டோடு ஒட்டிய சுவர்களையெல்லாம் சிவப்பிலும், மற்றதோடு ஒட்டியவற்றை நீலத்திலும் தீட்டினால், ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமுமாக ஓடுவதே விடை. இருபுறமும் ஒரே நிறமாக இருப்பவை அனைத்தும் முட்டுச்சந்துகள்; இரு நிறங்களும் எங்காவது ஒட்டிக்கொண்டால் புதிர் அடைபட்டுவிட்டது என்று பொருள்.

நான் இப்படிச் சரிபார்ப்பதை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். இப்போதெல்லாம் புதிரைக் கையில் வாங்கியதும் பென்சிலைத் தொடுவதில்லை. இரண்டு ஸ்கெட்ச் பேனாக்களைத் தேடிக்கொண்டு போகிறாள்.