ஓர் ஆப்பிள், ஒரு யுனிவர்சிட்டி

"தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷிலேயே யோசி." ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே காதில் விழும் அறிவுரை இது. ஐந்நூறு வார்த்தைகூடக் கைவசம் இல்லாதவர் எதை வைத்து இங்கிலீஷில் யோசிப்பார்? தொடக்கநிலையில் தமிழை ஒதுக்கிவைக்க முடியாது, ஒதுக்கவும் வேண்டாம். அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதையே பாருங்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யு ஆகிய ஐந்து எழுத்துகளில் தொடங்கினால் 'ஆன்' என்று மனப்பாடம் செய்தவர், மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லிலும் 'யுனிவர்சிட்டி'யிலும் தடுக்கி விழுவார். முதல் சொல் எச் என்ற எழுத்தில் தொடங்கியும் 'ஆன்' வாங்கும். இரண்டாவது யு என்ற எழுத்தில் தொடங்கியும் 'எ' வாங்கும். காரணம், விதி எழுத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறது. இந்த விதி நமக்குப் புதிதா என்ன? ஓர் ஊர், ஒரு நகரம் என்று பள்ளியிலேயே படித்தோமே. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓர்', அதாவது 'ஆன்'. மெய்யொலியில் தொடங்கினால் 'ஒரு', அதாவது 'எ'. ஆன் ஆப்பிள், ஆன் அவர், ஆன் எம்.எல்.ஏ. எ யுனிவர்சிட்டி, எ யூரோப்பியன், எ வன் ருபீ காயின்.

இந்த உத்தி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்டைக் குறிக்கும் சொல்லை நாம் 'இயர்' என்று எழுதுகிறோம், அப்படியே சொல்கிறோம். உண்மையில் அதன் முதல் ஒலி யகர மெய். 'யியர்' என்பதற்குப் பக்கத்தில் வரும். ஆகவே 'எ' தான் சரி. 'ஆன் இயர்' என்றால் கேட்பவருக்குக் காதுதான் நினைவுக்கு வரும்.

'தி' விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். தமிழில் அதற்கு இணையான சொல் இல்லை என்பார்கள். சொல் இல்லை, ஆனால் அந்த வேலையைச் செய்கிற உருபு இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நம் இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். முதலாவது 'எ புக்', இரண்டாவது 'தி புக்'. ஆட்களைச் சொல்லும்போது இந்தச் சோதனை செல்லாது. 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதிலும் ஐ உருபு வந்துவிடும். எழுவாயாக வரும் பெயருக்கும் உதவாது. அங்கே வேறு கேள்வி: நீங்கள் சொன்னதும் எதிராளி 'எது?' என்று கேட்பாரா? கேட்பார் என்றால் 'எ', கேட்க மாட்டார் என்றால் 'தி'. 'பஸ் வந்துடுச்சு' என்று நிறுத்தத்தில் சொன்னால் யாரும் எந்த பஸ் என்று கேட்பதில்லை, காத்திருந்த பஸ்தான். 'தி பஸ் ஹாஸ் கம்'. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் இரண்டும் வேண்டாம். ஆனால் ஆறுகளுக்கு 'தி' உண்டு: தி காவேரி.

வினைச்சொல்லுக்கு வருவோம். அதிகம் கேட்கும் பிழை 'டிட் யூ வென்ட்?', 'ஐ டிட் நாட் வென்ட்'. இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் வைத்துவிடுகிறோம். தமிழில் நாம் அப்படிச் செய்வதில்லை. 'போனேன்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனேன்' என்பதில் இருந்த காலம் கழன்று, வெறும் 'போக' தான் மிஞ்சுகிறது. 'போனேன் இல்லை' என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. இங்கிலீஷும் அதே வேலையைத்தான் செய்கிறது: 'டிட்' காலத்தைத் தூக்கிக்கொண்டதும் 'வென்ட்' இறங்கி 'கோ' ஆகிவிடும். 'டஸ்' கதையும் இதுதான். 'ஷி கோஸ்' என்பதில் கடைசியில் உள்ள ஸ் ஒன்றே ஒன்றுதான். கேள்வியிலும் எதிர்மறையிலும் அது 'டஸ்'ஸுக்குள் போய்விட்டதால் 'டஸ் ஷி கோ?' என்றே வரும்.

இன்னொன்று 'ஐ ஆம் கோ', 'ஐ ஆம் வென்ட்'. எல்லோரும் பெயர், ஊர், படிப்பு சொல்லித்தான் இங்கிலீஷைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் 'ஐ ஆம்' என்று ஆரம்பிப்பதால் அந்த இரண்டும் சேர்ந்து 'நான்' என்ற ஒரே சொல்லாக மனதில் ஒட்டிக்கொள்கிறது. பிரித்துவிடுங்கள்: நான் என்றால் 'ஐ' மட்டும்தான். 'ஆம்' வந்தால் அதன் பின்னால் பெயரோ நிலையோ வரலாம் (ஐ ஆம் டயர்ட்), வினை வந்தால் 'இங்' சேர்ந்து வர வேண்டும். 'தினமும் போகிறேன்', 'இதோ போகிறேன்' இரண்டுக்கும் தமிழில் ஒரே 'போகிறேன்'. அதனால் எல்லாவற்றுக்கும் 'ஆம் கோயிங்' போடத் தோன்றும். 'வழக்கமாக' என்ற சொல் பொருந்தினால் 'ஐ கோ', 'இப்போது' பொருந்தினால் 'ஐ ஆம் கோயிங்'. தெரியும், பிடிக்கும், வேண்டும் என்பவை நிலைகள். அவற்றுக்கு 'இங்' ஒட்டாது. 'ஐ ஆம் நோயிங்' என்று சொல்வது அதனால்தான் தவறு.

தமிழ் உண்மையிலேயே காலை வாரும் இடம் 'எனக்கு'. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு இரண்டு பிள்ளைகள். தமிழில் இவை எல்லாமே நமக்கு நேர்பவை, நம்மிடம் வந்து சேர்பவை. இங்கிலீஷில் இந்த ஐந்திலும் 'ஐ' முன்னால் வந்து உட்காரும்: ஐ ஆம் ஹங்க்ரி, ஐ ஹாவ் எ ஃபீவர், ஐ நோ, ஐ லைக் இட், ஐ ஹாவ் டூ சில்ட்ரன். 'டு மி' என்று தொடங்கினாலே தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். இந்த ஐந்தையும் அவனுக்கு, அவளுக்கு, எங்களுக்கு என்று மாற்றி மாற்றி ஒரு வாரம் சொன்னால் 'ஹாவ்', 'ஹாஸ்' குழப்பமும் சேர்ந்தே தீரும்.

'இல்' உருபு ஒன்று, அங்கே அதற்கு மூன்று. பையில், மேசையில், பஸ் ஸ்டாண்டில். 'உள்ளே' என்று மாற்ற முடிந்தால் 'இன்', 'மேலே' என்றால் 'ஆன்' (முன்பு 'ஓர்' என்று பார்த்த 'ஆன்' அல்ல, இது வேறு சொல்), இரண்டும் ஒட்டாமல் வெறும் இடமாக நின்றால் 'அட்'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பஸ்ஸுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாலும் 'ஆன் தி பஸ்' தான், காருக்கு மட்டும் 'இன் தி கார்'. நேரத்துக்கு மணி என்றால் அட், கிழமை என்றால் ஆன், மாதமும் வருடமும் என்றால் இன்.

இனி சொற்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறோம் என்று நினைப்பது தவறு. நம் பேச்சில் 'பண்ணு' சேர்த்துப் புழங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ட்ரை, வெயிட், ஹெல்ப், செக், கேன்சல், ஓப்பன், க்ளோஸ், மிஸ், யூஸ், ஆர்டர், பேக், க்ளீன், ரிப்பேர். அரை மணி நேரத்தில் அறுபது தேறும். 'பண்ணு'வை உருவிவிட்டால் கையில் நிற்பது பெரும்பாலும் சரியான இங்கிலீஷ் வினை. சில மட்டும் ஏமாற்றும். 'கம்ப்ளெய்ன்ட் பண்ணு' என்பதில் வினை 'கம்ப்ளெய்ன்', கடைசி டகரம் கிடையாது. 'மேரேஜ் பண்ணு' என்பது 'மேரி'. 'லேட் பண்ணாதே' என்பதற்கு 'டோன்ட் பி லேட்'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, பின்னால் 'அபௌட்' தேவையில்லை. 'வெயிட்' அதற்கு நேர்மாறு, ஆளைச் சொல்ல 'ஃபார்' கேட்கும்: வெயிட் ஃபார் ஹிம். பெயர்ச்சொற்களிலும் பொருள் நகர்ந்தவை உண்டு. நம் 'கரண்ட் போச்சு' அங்கே 'தி பவர் இஸ் அவுட்'. இட்லி சாப்பிடப் போகும் 'ஹோட்டல்' அங்கே 'ரெஸ்டாரன்ட்'. ஹோட்டல் என்றால் தங்குமிடம்.

இதற்கு மேல் எந்தச் சொற்களை முதலில் படிப்பது? அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம். இங்கிலாந்து மொழி அறிஞர் சி.கே. ஆக்டன் 1930இல் 850 சொற்களில் ஓர் எளிய இங்கிலீஷை வகுத்தார். ஆனால் அதில் வினைகள் மொத்தமே 18, 'சாப்பிடு' என்பதற்கான 'ஈட்' கூட இல்லை. அதை வைத்து ஒரு வீட்டில் பேச முடியாது. டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியல் எவ்வளவோ மேல். இணையத்தில் தேடினால் கிடைக்கும். பழைய சொற்களைக் களைந்து 2013இல் வந்த புதுப்பட்டியலும் உண்டு.

ஒரு நாளைக்கு 5 சொல் போதும், 20 வேண்டாம். விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒரு பக்கம் முழுத் தமிழ் வாக்கியம், மறுபக்கம் அதன் இங்கிலீஷ். தனிச்சொல்லை எழுதினால் அது எதோடு சேர்ந்து வரும் என்பது தெரியாமல் போகும். 1, 3, 7, 15, 30ஆம் நாட்களில் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறினால் அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும். இங்கிலீஷ் பக்கத்தைப் பார்த்து 'ஆமா, தெரியும்' என்று தலையாட்டுவது பயிற்சி ஆகாது. பார்த்தால் தெரியும், பேச வாய் திறந்தால் வராது என்ற புலம்பல் அங்கேதான் பிறக்கிறது.

இலக்கணத்துக்கு ஒரு வாக்கியத்தை நான்காக உருட்டுங்கள். ஷி கோஸ் டு தி மார்க்கெட். ஷி டஸ் நாட் கோ டு தி மார்க்கெட். டஸ் ஷி கோ டு தி மார்க்கெட்? ஷி வென்ட் டு தி மார்க்கெட் எஸ்டர்டே. தினம் 5 வாக்கியம், ஆக 20. பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை முதல் மாதம் திறக்கவே வேண்டாம்.

இறந்தகால வடிவங்களை அகர வரிசையில் உருப்போடாமல் ஓசைக் கூட்டமாகப் பிரியுங்கள். கட், புட், ஷட் மாறவே மாறாது. பிரிங், பை, திங்க் மூன்றும் ப்ராட், பாட், தாட் என்று ஒரே ஓசையில் முடியும். சிங், ட்ரிங்க், ஸ்விம் ஆகியவை சாங், ட்ராங்க், ஸ்வாம் ஆகும். ஒரு கூட்டம் வாயில் படிந்த பிறகு அடுத்ததை எடுங்கள். இரண்டைக் கலந்து படித்தால் 'திங்க்' ஒரு நாள் 'தாங்க்' ஆகிவிடும்.