கொங்கண் கரையோரம்: பஞ்சாங்கம் பார்த்துக் கார் எடுங்கள்

கொங்கணைக் காரில் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் தேசிய நெடுஞ்சாலை 66-ஐப் பிடித்துப் போய், இடையிடையே மேற்கே திரும்பி ஒரு கடற்கரையை எட்டிப்பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்கே திரும்பிவிடுகிறார்கள். மகாராஷ்டிரத்துக்குள் அந்தச் சாலை உள்நாட்டில்தான் ஓடுகிறது. கடல் கண்ணில் படாது. கடலை ஒட்டிப் போவது ரேவஸ்–ரெட்டி சாலை, மாநில நெடுஞ்சாலை 4. அலிபாக்குக்கு வடக்கேயுள்ள ரேவஸிலிருந்து கோவா எல்லையை ஒட்டிய ரெட்டி வரை சுமார் 500 கி.மீ.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டுவதே நல்லது. பெலகாவியிலிருந்து ஆம்போலி மலைச்சாலையில் இறங்கினால் சாவந்த்வாடி, அங்கிருந்து வெங்குர்லா. வடக்கே ஓட்டும்போது கடல் நம் இடப்பக்கம் இருக்கும். எதிர்வரிசையைக் கடக்காமலே ஓரங்கட்டி நிறுத்தலாம்.

சஹ்யாத்ரியிலிருந்து, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, இறங்கும் ஆறுகள் நீளம் குறைந்தவை. கடலில் சேருமிடத்தில் அகன்ற உப்பங்கழிகளாகிவிடுகின்றன. பாலங்களுக்கான வேலைகள் நடக்கின்றன என்றாலும் கார் ஏற்றும் ஃபெர்ரிகளை நம்பியே திட்டம் போடுங்கள். வடக்கே போகும் வரிசையில் ஜெய்கட்–தவ்சாள், தோபாவே–தாபோள், வேஷ்வி–பாக்மாண்ட்லா, திகி–அகர்தண்டா என நான்கு. கடப்பதற்குக் கால் மணி நேரம் போதும். தாபோளில் ஃபெர்ரியைத் தவறவிட்டு சிப்ளூண் வழியாகச் சுற்றினால் நூறு கிலோமீட்டருக்கு மேல். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று முதல் நாளே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்குச் சில்லறை வேண்டும். கைபேசி வரைபடத்தில் 'ஃபெர்ரியைத் தவிர்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அது உங்களை நெடுஞ்சாலைக்கே துரத்தும். அணைத்து வைத்தாலும், அது காட்டும் நேரத்தோடு துறையில் காத்திருக்க ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் வற்றியிருக்கும்போது ஃபெர்ரியின் இறங்குபலகை செங்குத்தாகச் சரியும். துறையின் கான்கிரீட்டில் பாசி வழுக்கும். தாழ்வான கார்களின் முன்பக்க பம்பர் உரசுவது அப்போதுதான். பயணிகளை இறக்கிவிட்டு முதல் கியரில், சற்றுக் குறுக்காக, நடுவில் நிறுத்தாமல் ஏற்றுங்கள். சில துறைகளில் பின்பக்கமாக ஏற்றச் சொல்வார்கள். பணியாளரின் கையை மட்டும் பார்த்து ஓட்டினால் போதும். ஏறியதும் கைபிரேக், கூடவே கியர்.

இதனால்தான் திதி பார்க்க வேண்டும் என்கிறேன். மும்பை, அலிபாக் பக்கம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நண்பகல், நள்ளிரவை ஒட்டி நீர் ஏறும். காலை மாலை ஆறு மணிவாக்கில் வற்றும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தெற்கே இது சற்று முன்னதாக வரும், ஏற்றவற்றத்தின் அளவும் குறையும். அஷ்டமியை ஒட்டி நண்பகலில் வற்றம் வந்தாலும் நீர் அவ்வளவாக இறங்காது. அலிபாக்கின் குலாபா கோட்டைக்குக் கடல்தரையில் நடந்தே போகலாம் என்பதை நம்பி அஷ்டமியில் போனால் முழங்கால் தண்ணீரில் தடுமாற நேரும். பௌர்ணமி அல்லது அமாவாசை கழிந்த இரண்டாம், மூன்றாம் நாள் காலையே சரியான நேரம்: வற்றமும் ஆழம், வெளிச்சமும் இருக்கும். வற்றம் உச்சத்தைத் தொடுமுன் உள்ளே போய், நீர் திரும்பத் தொடங்கியதும் வெளியே வந்துவிட வேண்டும்.

ஹரிஹரேஷ்வரில் இது உயிர் விஷயம். கோயிலைச் சுற்றும் பிரதட்சிணப் பாதை பாறைப் பிளவு வழியாகப் படியிறங்கி, அலை அரித்த பாறைத்தளத்தின் மேல் போகிறது. நீர் ஏறும் நேரத்தில் ஒரே அலை ஆளை வழித்துக்கொண்டு போய்விடும். இறங்கு என்று கோயிலில் சொன்னால் மட்டும் இறங்குங்கள்.

இனி சாலை. ஒரு கழிமுகத்திலிருந்து ஏறினால் செம்பாறைப் பீடபூமி, உடனே அடுத்த கழிமுகத்துக்கு இறக்கம். நாள் முழுக்க இதுதான். சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று கணக்கிடுங்கள், ஒரு நாளைக்கு 100 கி.மீ.க்கு மேல் வேண்டாம். இறக்கத்தில் இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போகும். பல இடங்களில் தார் ஒரு வண்டி அகலம்தான். எதிரே அரசுப் பேருந்து வந்தால் முன்கூட்டியே ஒதுங்கி நில்லுங்கள், தார் விளிம்பில் சக்கரத்தை இறக்காதீர்கள். செம்பாறைச் சரளை கேழ்வரகைக் கொட்டியதுபோல் உருளும், விளிம்பும் கூர்மை. டயரின் பக்கச்சுவர் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். பக்கச்சுவர்க் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது என்பதால் முழு அளவு மாற்றுச் சக்கரம் அவசியம். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

மால்வணில் படகேறினால் சிந்துதுர்க். சிவாஜி 1664-இல் தொடங்கிய கடற்கோட்டை. சுற்றிலும் உப்புநீர், உள்ளே பால், சர்க்கரை, தயிர் என்று பெயரிட்ட மூன்று நன்னீர்க் கிணறுகள். அங்குள்ள சிவாஜி கோயிலை எழுப்பியவர் அவருடைய மகன் ராஜாராம். முகலாயர் முற்றுகைக்கிடையே நம் செஞ்சியிலிருந்து ஆண்டவர். படகுக்காரர் தரும் ஒரு மணி நேரம் போதவே போதாது. கிணறுகளை முதலில் பாருங்கள்.

விஜய்துர்க்குக்குப் படகு வேண்டாம், கார் வாசல் வரை போகும். மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே குடும்பத்தின் கடற்படைத் தளமான இதை 1756-இல் ஆங்கிலேயர்களான வாட்சனும் கிளைவும் பிடித்தார்கள். மூன்றடுக்கு மதிலையும் கடற்பக்கம் நின்று பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கரையில் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நான் சொல்வது இதைத்தான்.

ரத்னகிரியில் தீபா அரண்மனை. 1885-இல் ஆங்கிலேயர் நாடுகடத்திய பர்மாவின் கடைசி அரசர் தீபா, 1910-இல் கட்டி முடித்த இந்த மாளிகையில் சுமார் ஆறு ஆண்டுகள்தான் வாழ்ந்தார், 1916-இல் இறந்தார். திங்கள் விடுமுறை. இங்கிருந்து கணபதிபுளேக்கு ஆரே–வாரே வழியாகவே போங்கள்; சாலை கடலின் மேல் தொங்குவது அங்கேதான்.

வடக்கே முருட் ஜஞ்சிரா, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் தீவுக்கோட்டை. மராட்டியரால் கடைசிவரை பிடிக்க முடியாதது. ராஜபுரியிலிருந்து பாய்மரப் படகு. கோட்டை வாசலில் படகு ஆடும்போதே படியில் தாவி ஏற வேண்டும். முதியவர்களை இரண்டு பேர் தாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடற்கோட்டைப் படகுகள் ஓடா. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், கிறிஸ்துமஸ் வாரம் தவிர.

காரை மணலில் இறக்காதீர்கள். வற்றிய கரை கெட்டியாகத் தெரிந்தாலும் நீர் திரும்பும்போது சக்கரத்தடி மணல் இளகும், இழுத்துவிட டிராக்டர் வருமுன் நீர் என்ஜினைத் தொட்டுவிடும். தங்கும் வீடுகளில் சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவையுங்கள். மீன் வாங்கி வந்துதான் சமைப்பார்கள். கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடியைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

முடிக்கும்போது மாண்ட்வாவிலிருந்து மும்பைக்குக் கார் ஏற்றும் கப்பல் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான். ஊர் திரும்புகிறவர்கள் பேண், கோப்போலி வழியாகப் புனே போய் நெடுஞ்சாலை 48-ஐப் பிடிக்கலாம். ஞாயிறு மாலை மட்டும் அலிபாக்கிலிருந்து கிளம்ப வேண்டாம். மும்பைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் வட்கல் சந்திப்பில் நிற்பார்கள். திங்கள் விடியலில் புறப்படுங்கள், கோப்போலிக்கு முன்னால் கிடைக்கும் முதல் வாட்டர் சர்வீஸில் காரின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிட்டு மலையேறுங்கள்.