தண்டால் எடுக்க ஒரு கட்டு

இன்று காலை டச்பே கடற்கரையில் ஒரு பெடியன் போனைப் பார்த்துப் பார்த்துத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். நாலாவதிலேயே இடுப்பு மணலைத் தொட்டுவிட்டது.

திரையில் ஓடியதோ 'முப்பது நாளில் நூறு தண்டால்'.

"தம்பி, அந்தக் குட்டைச் சுவர்க்கட்டில கையை வைச்சு எடுத்துப் பாரும்" என்றேன்.

கை உயரத்தில் இருந்தால் உடல் எடையில் குறைந்த பங்குதான் கைக்கு வரும். முதுகு நேராக நின்றது. எட்டு வந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கான திட்டத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சுவர், மேசை, தரை என்று ஏறப் படிகள் இருக்கின்றனவா? ஒரு படியில் சுற்றுக்கு 8 என்று 3 சுற்று சுத்தமாக வந்தால் அடுத்ததுக்குப் போகலாம். வாரத்தில் 3 நாள், இடையில் ஓய்வு. சரி.

அப்புறம் இழுக்கும் பயிற்சி. தண்டாலும் குந்தி எழும்புவதும் எல்லாத் திட்டத்திலும் இருக்கும். முதுகைத்தான் விட்டுவிடுவார்கள், வீட்டில் கம்பி இல்லை என்ற சாட்டில். பாரமான மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுத்தாலே போதும். (பிளாஸ்டிக் மேசையில் வேண்டாம், ராசா.)

"அண்ணா, வயிறு எப்ப இறங்கும்?"

"அதை நீர் ராவில சாப்பிடுற கொத்துரொட்டியிட்டத்தான் கேக்க வேணும்."