ஸ்டீராய்டு வாரமும் காய்ச்சல் பயமும்
பாப்பாவுக்கு லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ கீமோன்னா முடி கொட்டும், வாந்தி வரும், அவ்ளோதான் எனக்கு தெரியும். அந்த சிகிச்சையோட சேத்து ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சதும் நடுராத்திரி எழுந்து பசிக்குதுன்னு அழுவா, குடுத்தா தட்டைத் தள்ளிவிடுவா, கிட்ட வராதன்னு கத்திட்டு அடுத்த நிமிஷமே மடில வந்து படுத்துப்பா, அது அவ குணமே இல்ல, மருந்து பண்ற வேலை. தயவுசெஞ்சு அந்த நேரத்துல குழந்தைய திட்டாதீங்க.

இது ரொம்ப முக்கியம். கீமோ போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல கிருமியோட சண்டை போடற ரத்த வெள்ளை அணுக்கள் நல்லா இறங்கிடும், அப்போ காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தா நடுராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடணும். டாக்டரக் கேக்காம பாராசிட்டமால் குடுக்காதீங்க, காய்ச்சல மறைச்சிடும், உள்ள இன்ஃபெக்‌ஷன் இருக்கறதே தெரியாம போயிடும்.

ஊசி போடறப்போ வலிக்காதுன்னு நான் சொல்றதில்ல. "கொஞ்சம் வலிக்கும்டா, அம்மா கைய புடிச்சுக்கோ"ன்னுதான் சொல்வேன். மரத்துப்போற க்ரீம் முன்னாடியே தடவிட்டா நல்லாவே உதவும், நர்ஸ்கிட்ட கேளுங்க.

பெரியவன் ஒருநாள் மெதுவா கேட்டான், "எனக்கும் ஒட்டிக்குமாம்மா, நான் அவள தள்ளிவிட்டதாலயா வந்துச்சு?"ன்னு. ரெண்டுமே இல்லடா கண்ணான்னு உக்காந்து பொறுமையா சொன்னேன். வீட்ல மத்த பிள்ளைங்க இருந்தா, அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காம நீங்களே சொல்லிடுங்க.