கைக்கு ஒரு கை

டிசம்பர் வந்தால் ஊட்டி காந்தலில் தையல் கடை வைத்திருக்கிறவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. கிறிஸ்துமஸ் ஃப்ராக், அம்மாக்களுக்குப் பட்டு ப்ளவுஸ், கோயரில் பாடுகிற பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. 'கடைசி நேரத்தில் துணி வாங்கப்படாது' என்று நான் எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழேயே நின்றுகொண்டு கடைசி நேரத்துத் துணியை நீட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். அப்படி வந்த ஒரு ஃப்ராக்கை அயர்ன் பண்ணும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் சரிந்த ப்ரில்லைப் பிடிக்கக் கையை நீட்டினேன். நிறுத்தி வைத்திருந்த அயர்ன் பாக்ஸ் சாய்ந்து இடது முன்கையின் உள்பக்கத்தில் படிந்தது. அதன் மூக்கு அப்படியே அச்சாக விழுந்துவிட்டது. இரண்டு அங்குல நீளம், கவிழ்த்த தோணி மாதிரி.

என் தங்கை கோயம்புத்தூரில் நர்ஸ். அவள் ஓதி ஓதி ஒன்று மட்டும் மண்டையில் ஏறியிருந்தது: சூடு பட்டால் முதலில் குழாயடிக்கு ஓடு, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டு. சொல்வது சுலபம். ஊட்டியில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டாவது நிமிடத்தில் விரல் மரத்து, பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது. கையை எடுத்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, மறுபடி போய் மீதியை முடித்தேன். விட்டு விட்டுக் காட்டினாலும் பரவாயில்லையாம். சூடு பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் தண்ணீர் காட்டுவது உதவும் என்று தங்கை அப்புறம் சொன்னாள். ஐஸ் மட்டும் வைக்கக் கூடாது. இதற்குள் கடைக்கு வந்தவர்கள் பேஸ்ட், இங்க், காபித்தூள், முட்டை வெள்ளைக்கரு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலுதவி சொல்லத்தான் ஊரே இருக்கிறதே. புண் மூடின பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் கோட்டை விட்டதும் அங்கேதான்.

மறுநாள் கொப்புளம் எழும்பியிருந்தது. "உடைச்சிடாதேக்கா, உள்ளே இருக்கிற புண்ணுக்கு அதுதான் மூடி" என்றாள் தங்கை. சரி, லைனிங் என்று புரிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் ஸ்வெட்டரைக் கழற்றும்போது கஃப் பிடித்து இழுத்து, கொப்புளம் கிழிந்து, நீர் ஓடி, மேல்தோல் ஈரத்துணி மாதிரி சுருங்கிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். தொங்கிய தோலைக் கத்தரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் வராமல் இருக்க டி.டி ஊசியும் போட்டார்கள். தினமும் ஒரு தடவை அதே மாதிரி சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், வாஸ்லின் கனமாகத் தடவ வேண்டும், புண்ணில் ஒட்டாத காஸ் வைத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். டெட்டாலை நேராக ஊற்றுகிற என் பழைய பழக்கத்தைச் சொன்னதும் அந்த நர்ஸம்மா பார்த்த பார்வை இருக்கிறதே! அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர்கிற தோலையும் பொசுக்கிவிடுமாம்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மூடி மூடி வச்சா அழுகத்தான்டி செய்யும். காத்தாட விடு, பக்கு கட்டி தானா உதிரட்டும்." நம் எல்லோர் வீட்டிலும் இதுதான் சட்டம். வீடியோ காலில் தங்கை பஞ்சாயத்துக்கு வந்தாள். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்று ஒருவர் பன்றிக்குட்டிகளின் முதுகில் மேலோட்டமான காயம் உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாட விட்டு, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடிப் பார்த்தாராம். மூடிய காயங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் வளர்ந்ததாம். "பன்னிக்குச் சரி, உங்கக்கா மனுஷிடி" என்றார் அம்மா. "அடுத்த வருஷமே மனுஷங்களுக்கும் பாத்துட்டாங்கம்மா, அதேதான்" என்றாள் அவள்.

காரணம் கேட்டால் எளிதுதான். காய்ந்து பக்கு கட்டிவிட்டால், புதுத்தோல் ஈரம் இருக்கிற இடத்தைத் தேடி அந்தப் பக்குக்கு அடியில் இறங்கி ஊர்ந்துதான் மறுகரைக்குப் போக வேண்டும். மேலே ஈரப்பசை இருந்தால் நேராக வழுக்கிக்கொண்டு போய்விடும். அம்மா அரைமனதாக விட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு, காலில் ஒரு கொப்புளம் வந்து ஒன்றரை மாதம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும், பயம் நியாயமானதுதான். சர்க்கரை உள்ளவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் யாராக இருந்தாலும் டாக்டரிடம் போய்விட வேண்டியதுதான்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மெஷின் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு புண்ணைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து மெல்லிய, வெளிறிய பட்டை ஒன்று உள்ளே நகர்ந்து வந்திருந்தது. நான்கு பக்கமும் சின்னதாக எம்மிங் மடித்த மாதிரி. அதை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது நடுவில் இருந்தது. சிவந்த தரையில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகள், ஓரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனித்தனியாக. சீழ் பிடித்துவிட்டது என்று பதறிப் போட்டோ அனுப்பினேன். "அக்கா, அது சீழ் இல்ல. தோலு!" என்று பதில் வந்தது. மேலோட்டமான சூட்டுக்காயத்தில் ரோமக்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் ஆழத்தில் உயிரோடு இருக்குமாம். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தோல் முளைத்து, சுற்றிலும் படர்ந்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த ஐந்தாறு நாளும் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் வேடிக்கை. மார்கழியில் வாசலில் அம்மா புள்ளி வைத்துக் கோலம் இழுக்க, கையில் இன்னொரு கோலம் தானாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் முழுதும் மூடிவிட்டது. இளஞ்சிவப்பு, வழவழப்பு, கொஞ்சம் சாட்டின் மினுக்கு. கட்டைத் தூக்கிப் போட்டேன். புத்தாண்டு பிறந்த இரண்டாம் நாளே அதே இடத்தில் பட்டாணி அளவுக்கு மறுபடி ஒரு கொப்புளம். ஸ்வெட்டர் உரசியது, அவ்வளவுதான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், மூடியிருந்ததே தவிர தையல் விழவில்லை. மேல்தோலையும் அடித்தோலையும் பிடித்து வைக்கிற இழைகள் இன்னும் சரியாக ஊன்றியிருக்காது. பக்கவாட்டில் இழுத்தால் மேல் துணி தனியாக நகரும். அடியில் போடுகிற கொலாஜன் என்ற நாரும் முதலில் மெல்லியதாக, அவசர ஓட்டுத் தையலாகத்தான் விழும். அதைப் பிரித்துப் பிரித்து உறுதியானதாக மாற்றுகிற வேலை மாதக்கணக்கில் நடக்கும், ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். ஆழமான வெட்டுக்காயமாக இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பாது என்றாள் தங்கை. கிழிந்து தைத்த துணிதானே, இருக்கும்.

இந்தக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. ஸ்வெட்டர் பட்டால் தோல் உரியும். அப்போதுதான் கைக்கு ஒரு கை தைக்கலாம் என்று தோன்றியது. கடையில் எத்தனையோ புதுத் துணி இருந்தாலும் இதற்கு அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிதான் சரி. வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிவிட்ட துணி. க்ராஸில், அதாவது மூலைவாட்டத்தில் வெட்டினேன், அப்போதுதான் எலாஸ்டிக் இல்லாமலே கையோடு நெளிந்து கொடுக்கும். எலாஸ்டிக் வைத்தால் இறுக்கும். மேலே முழங்கைக்குக் கீழே ஒரு நாடா, மணிக்கட்டில் ஒரு நாடா. முக்கியமான விஷயம், தையலும் பிசிறும் வெளிப்பக்கம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிசிறை உள்ளே தள்ளிப் பிழைப்பு நடத்துகிறவள், முதல் தடவையாக வேண்டுமென்றே வெளியே விட்டேன். இரண்டு தைத்துக்கொண்டு தினம் ஒன்றாகத் துவைத்துப் போட்டேன். அப்புறம் கொப்புளம் வரவே இல்லை.

அடுத்து அரிப்பு. நரம்பு நுனிகள் புதிதாக முளைத்து வருவதாலும், ஆறுகிற இடத்தில் அரிப்பைத் தூண்டுகிற ஹிஸ்டமின் என்ற பொருள் சுரப்பதாலும் ஊறும். புதுத்தோலுக்கு எண்ணெய்ப் பசையும் குறைவு. உறைபனிக் காலத்துக் காற்றோ உதட்டையே வெடிக்க வைக்கிறது. அம்மா அன்போடு ஒரு சொட்டு நீலகிரித் தைலம் வைத்தார். தலைவலிக்கு அமிர்தம்தான், ஆனால் இந்தத் தோலுக்கு அது மிளகாய். மறுபடி குழாயடிக்கே ஓட வைத்தது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றால் பாட்டிலில் கல்லாக உறைந்து கிடந்தது. கடைசியில் வாஸ்லின்தான்: காலை, மதியம், படுக்கும்போது, விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தேய்ப்பேன். ரொம்ப ஊறினால் ஈரத்துணியை ஒற்றி எடுப்பேன், சொறிய மாட்டேன். அண்டாவில் கொதிக்கிற வெந்நீரை அப்படியே ஊற்றிக் குளிப்பதையும் விட வேண்டியதாயிற்று. சூட்டுக்கு அரிப்பு இரட்டிப்பாகிறது.

இவ்வளவு செய்தவள் பொங்கலுக்கு மண்ணைக் கவ்வினேன். ஜனவரியில் இங்கே எல்லோரும் செய்வதுதான்: மதியம் வாசற்படியில் உட்கார்ந்து வெயில் காய்வது. புண்தான் ஆறிவிட்டதே என்று துணிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து ப்ளவுஸ்களுக்குக் கொக்கி தைத்தேன். இளஞ்சிவப்பாக இருந்த தோணி ஒரே வாரத்தில் புளியங்கொட்டை நிறமாகிவிட்டது.

குளிரில் வெயில் இதமாக இருப்பதால் அது வலுவில்லாதது என்று நினைத்துவிடுகிறோம். தோலைக் கறுக்கவைக்கிற புறஊதாக் கதிர் சூடாகவே இருக்காது. உடம்புக்கு அது தெரியவும் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏற ஏறச் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. வானம் ஒரே மாதிரி தெளிவாக இருந்தால், மெரினாவில் விழுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இங்கே விழுகிறது. மெல்லிய மேகம் மறைத்தாலும் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். நம்முடைய மாநிறத் தோலில், ஆறிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறமிச் செல்கள் ஏற்கெனவே உசுப்பிவிட்டது போல இருக்கும். அதில் வெயிலும் பட்டால் அள்ளிக் கொட்டிவிடும். முழுதும் மூடிய தோலில் எஸ்.பி.எஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன் தடவலாம், ஆறாத புண்ணில் கூடாது. எனக்கு நாள் முழுக்கக் கோடு போடுகிற சாக், பவுடர், துணி என்று கை புழங்குவதால் க்ரீம் நிற்காது. பழையபடி வேட்டிக்கையே.

இப்போது பிப்ரவரி கடைசி. தோணியின் ஓரம் வெளுத்து, நடுவில் மட்டும் கறுப்பு நிற்கிறது. மங்க மாதக்கணக்கில் ஆகுமாம். ஆகட்டும்.

முன்பு கையில் சூடான பாலைக் கொட்டிக்கொண்ட எதிர் டீக்கடைத் தம்பி, போன வாரம் புண் ஆறின கையோடு வந்து நின்றான். "டெய்லரக்கா, நீங்க போட்டிருக்கீங்களே, அதே மாதிரி ஒண்ணு." மீதி வேட்டியில் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதற்கு இரண்டு நாள் டீ அனுப்பினான். நேற்று பார்த்தால் கை அரிக்கிறது என்று துணிக்கு மேலேயே தேய்த்துக்கொண்டு நிற்கிறான். கூப்பிட்டுப் பார்த்தேன். பிசிறு வெளியே தெரிவது நன்றாக இல்லை என்று அவனே உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான்.

அங்கேயே கழற்ற வைத்து, திருப்பிப் போட்டு, நாடாவையும் நானே கட்டிவிட்டேன்.